சாட்சிப் பிள்ளை

லியோவின் செருப்பைக் காணோம்.

சாரா கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். துணிக்கூடையைக் கவிழ்த்தாள். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். எங்கும் இல்லை. சிவப்பு ரப்பர் செருப்பு அது. அடி எடுத்து வைத்தால் பீப், பீப் என்று சத்தம் போடும். கால் வளர வளர, அதே சிவப்பில், அதே சத்தத்தில் அடுத்த அளவைத் தேடி உக்கடம் வரை போய் வாங்கி வருவாள். அது காலில் ஏறாமல் லியோ வாசலைத் தாண்ட மாட்டான். தூக்கிக்கொண்டு போனால் கத்துவான். பிள்ளைகளின் பிடிவாத அழுகை இல்லை அது. உள்ளேயிருந்து யாரோ அவனைக் கிழிப்பதைப் போன்ற கத்தல்; மூச்சு நின்று, உதடு கறுத்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

மணி எட்டே முக்கால். பத்து மணிக்கு அங்கன்வாடிக்கு டாக்டர்கள் வருகிறார்கள்.

"அத்தை, லியோ செருப்பப் பாத்தீங்களா?"

ஜெபராணி சமையலறையில் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"நானெங்க கண்டேன் அம்மணி? எங்கியாச்சும் கெடக்கும். இன்னிக்கு அவன் ஊட்லயே இருக்கட்டும். சளி புடிச்சாப்ல இருக்குது."

"சளியெல்லாம் இல்லீங்க அத்தை."

"உனக்கு ஊரு புள்ளைங்க மூக்கத் தொடைக்கவே நேரம் பத்தறதில்ல. என்ற பேரன் மூக்கு எனக்குத்தான தெரியும்?"

கூடத்தில் லியோ எவர்சில்வர் மூடி ஒன்றைத் தரையில் சுழலவிட்டு, தலையைச் சாய்த்து அதன் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு மூன்று வயது நிறைகிறது.

"லியோ" என்றாள் சாரா. "லியோக்கண்ணு."

மூடி சுழன்று, தள்ளாடி, விழுந்தது. அவன் அதை எடுத்து மறுபடி சுழலவிட்டான்.

சாராவுக்கு அப்போதுதான் உறைத்தது. பேரனுக்கு ஒரு குறையும் இல்லை என்று நாள்தோறும் சொல்கிற இதே மனுஷிக்கு, செருப்பை ஒளித்து வைத்தால் போதும், அவனை யாராலும் வெளியே கொண்டுபோக முடியாது என்பது நன்றாகத் தெரிந்திருக்கிறது. வீட்டுக்குப் பூட்டு போட வேண்டியதில்லை. பிள்ளையின் நோவே பூட்டு. அதன் சாவி எங்கே இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும்.

பையை எடுத்துக்கொண்டு தனியாகப் படி இறங்கினாள்.

தெருவில் அவளுக்கு இரண்டு பெயர். அங்கன்வாடியில் சாரா டீச்சர். ஜெபக்கூடத்தில் லியோவோட அம்மா. இரண்டாவது பெயருக்காக அவள் எட்டு வருஷம் காத்திருந்தாள். அந்த எட்டு வருஷத்தில், துடியலூரில் எந்த வீட்டு வளைகாப்புக்குப் போனாலும் வளையல் தட்டு அவள் முன்னால் வந்ததும் பக்கத்து ஆளுக்கு நகர்ந்துவிடும். 'மலடி' என்ற வார்த்தையை அவள் முதன்முதலில் கேட்டது தன் வீட்டுச் சமையலறையில், ஜெபராணியின் வாயிலிருந்து. பிறகு லியோ பிறந்தான். ஜெபராணி ஜெபக்கூடத்தில் மைக்கைப் பிடித்துத் தேம்பித் தேம்பிச் சாட்சி சொன்னாள். தான் முட்டி தேய ஜெபித்ததற்கு ஆண்டவர் கொடுத்த வரம் என்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு பிறந்தநாள் ஞாயிறும் லியோ புதுச்சட்டையோடு முன்வரிசைக்கு முன்னால் நிறுத்தப்பட்டான். காரமடையிலிருந்தெல்லாம் பிள்ளை இல்லாத பெண்கள் பஸ் ஏறி வந்து அவன் தலையைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்திக்கொண்டார்கள். சாட்சிப் பிள்ளை என்று பெயர் வைத்தார்கள்.

சாட்சிப் பிள்ளை பேசாமல் இருக்கலாமா? நுனிக்காலில் நடக்கலாமா? வரத்தில் குறை என்று சொன்னால், கொடுத்தவரையே குறை சொன்னதாகாதா? இது ஜெபராணியின் கணக்கு. அதனால் குறை இல்லை. அவ்வளவுதான்.

அங்கன்வாடியில் இருபத்திரண்டு பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் பதிவேட்டில் ஒரு பக்கம். டாக்டரம்மா சின்ன வயதுக்காரர், தலைமுடியை இறுக்கிக் கட்டியிருந்தார். ஒவ்வொரு பிள்ளையையும் மடியில் உட்கார வைத்து, கட்டை அடுக்கச் சொல்லி, பந்தை உருட்டச் சொல்லி, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார்.

"டீச்சர் வணக்கம்!" என்று வாசலிலிருந்து ஒரு குரல். தேஜு. இரண்டு காதிலும் சின்ன மெஷின் மாட்டியிருந்தாள். அவளுக்குப் பின்னால் அவள் அப்பா நரசிம்மலு, மாநகராட்சிக் குப்பை வண்டி ஓட்டுகிறவர், சீருடையோடு வேலைக்கு நடுவில் ஓடி வந்திருந்தார்.

டாக்டரம்மா பக்கங்களைப் புரட்டினார். "லியோ தாமஸ்?"

"வரலீங்க மேடம். சளி" என்றாள் சாரா.

"போன தடவையும் வரல. அதுக்கு முந்தின தடவையும் வரல." விரல் பக்கத்தில் கீழே இறங்கியது. "ஆனா இதுல எல்லாமே சரின்னு டிக் இருக்கு. பேர் சொன்னா திரும்பறான், ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசறான், மத்த பிள்ளைங்களோட விளையாடறான்... நல்லா இருக்கிற பிள்ளைக்கு ஏன் டீச்சர் எங்களக் கண்டா மட்டும் சளி பிடிக்குது?"

"நம்ம டீச்சர் பையனுங்க மேடம்" என்றார் நரசிம்மலு, உதவி செய்கிற நினைப்பில்.

டாக்டரம்மா சாராவைப் பார்த்தார். சாரா அந்த டிக்குகளைப் பார்த்தாள். நீல மையில், அழகாக, ஒரே சாய்வில் போட்டிருந்த டிக்குகள். முதல் தடவை டாக்டர்களின் வேன் வந்தபோது ஜெபராணி பேரனைச் சென்னிமலையில் தன் தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டாள். அன்று சாராவுக்குக் கோபம் வரவில்லை, நிம்மதியாக இருந்தது. அதுதான் உண்மை. அன்று மாலையே உட்கார்ந்து இந்த டிக்குகளை அவளே போட்டாள்.

டாக்டரம்மா அதட்டவில்லை. ஒரு சீட்டு எழுதிக் கிழித்துக் கொடுத்தார். "திங்கட்கிழமை காலைல பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. முதல்ல காது கேக்குதான்னு பாப்பாங்க. அப்புறம் மத்ததெல்லாம். என்னன்னு இப்பவே யாரும் சொல்ல முடியாது. ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம். ஆனா பாக்காம விட்ட ஒவ்வொரு மாசமும் அவனோடது டீச்சர், உங்களோடது இல்ல."

வெளியே நரசிம்மலு மகளை வண்டியில் உட்கார வைத்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தார். "போன வருசம் தேஜு காதக் காட்டச் சொல்லி நீங்க என்ற ஊட்டுக்கு மூணு தடவ வந்தீங்க. மூணு தடவையும் கதவச் சாத்துனேன். நாலாவது தடவ, இந்தப் பொம்பளகிட்டத் தப்பிக்கவே முடியாதுன்னுதானுங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன்." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "உங்க ஊட்டுக்கு யாருங்க டீச்சர் வர்றது?"

அந்தக் கேள்வி அன்று முழுக்க அவள் கூடவே நடந்தது.

தாமஸ் பம்புக் கம்பெனியில் லேத் ஓட்டுகிறவன். ஆறரை மணிக்கு வந்து கைகால் கழுவி டீயோடு உட்கார்ந்தான். சாரா சீட்டை அவன் முன்னால் வைத்தாள்.

"ஏனுங்க, திங்கக்கெழம லீவு போடுங்க. ரெண்டு பேரும் போலாம்."

தாமஸ் சீட்டைத் தொடாமலே படித்தான். "ஞாயித்துக்கெழம சாட்சி முடியட்டும் சாரா. அப்புறம் பாக்கலாம்."

"அது முடிஞ்சா கன்வென்ஷன் கூட்டம்னு சொல்லுவீங்க. அப்புறம் கிறிஸ்மஸ். இப்படியே அஞ்சு வயசாயிருமுங்க."

"நானே நாலு வயசுலதான் பேசுனேனாம். அம்மாவக் கேளு."

"கேக்கவே வேண்டாம், நானே சொல்றேன்" என்று ஜெபராணி உள்ளேயிருந்து வந்தாள். "ஆம்பளப் புள்ளைங்க மெதுவாத்தான் பேசும். அங்க கொண்டுபோயி பேரு எழுதுனா ஊனம்னு ஒரு சீட்டுக் குடுத்துருவாங்க. அது ஆயுசுக்கும் போகுமா? நாளைக்கு இவனுக்கு ஒரு தங்கச்சி பொறந்தா எவன் பொண்ணு கேட்டு வருவான்? அதுவுமில்லாம, அந்தக் குப்பைக்காரன் புள்ள நிக்கற வரிசைல என்ற பேரன் நிக்கோணுமா?"

"ஜெபக்கூடத்துல எல்லாரும் ஒண்ணுன்னுதானுங்க அத்தை பாடறோம்."

"பாட்டு வேற, வரிசை வேற" என்றாள் ஜெபராணி. சொல்லிவிட்டு அதில் தப்பு எதையும் அவள் உணரவில்லை. "ஏதாச்சும் இருந்தாலும் உங்க பக்கத்துலருந்துதான் வந்திருக்கும். உங்க சித்தப்பன் ஒருத்தரு அப்புடித்தான சுத்திக்கிட்டு இருந்தாரு?"

இல்லாத குறை ஒரு மூச்சில் இருக்கிற குறையாகி, அதே மூச்சில் சாராவின் பிறந்த வீட்டு வாசலிலும் போய் விழுந்துவிட்டது.

"டெஸ்ட் பண்ணி, இருக்குதுன்னே சொல்லிப்போட்டாங்கன்னா என்ன பண்ணுவே?" என்றான் தாமஸ். குரலில் அதிகாரம் இல்லை. பயம்தான் இருந்தது.

"அவங்க சொல்லாட்டி இல்லாமப் போயிருங்களா?"

டீயில் ஆடை படிந்தது. லியோ மூடியைச் சுழலவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை செருப்பு வாசலில் இருந்தது. சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காய வைத்து, ஜோடியாக. எங்கே இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. யாரும் சொல்லவுமில்லை. லியோ பீப், பீப் என்று நுனிக்காலில் ஜெபக்கூடத்துக்கு வந்தான்.

டிரம் அடிக்கத் தொடங்கியதும் காதுகளைப் பொத்திக்கொண்டு தரையில் சுருண்டான். சாரா அவனைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள். பாய்களும் பழைய ஹார்மோனியமும் போட்டு வைத்திருக்கும் அறை. பாஸ்டரம்மா பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார். லியோவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கான்?"

சாரா சொன்னாள். சொல்லச் சொல்ல, வேறு யாரோ பேசுவதைப் போல இருந்தது.

பாஸ்டரம்மா குரலைத் தாழ்த்தினார். "எங்க பொண்ணோட பையனும் இப்படித்தாம்மா இருந்தான். சென்னையில காட்டுனோம். ரெண்டு வருஷமாப் பயிற்சி குடுக்கறாங்க. இப்ப என்னப் பாத்தா பாட்டின்னு சொல்றான். நீயும் தாமசிக்காதே, கூட்டிட்டுப் போ."

சாராவுக்கு முதலில் வந்தது ஆறுதல். அது ஒரு நொடிதான் நின்றது.

"ரெண்டு வருசமாங்களா?"

"ஆமாம்மா."

"ரெண்டு வருசமா இங்க மைக்குல ஒரு வார்த்த சொல்லலியே நீங்க?"

பாஸ்டரம்மா கதவைப் பார்த்தார். "எப்படிம்மா சொல்றது? பாஸ்டர் வீட்டுப் பிள்ளையாச்சே. ஜனங்க விசுவாசம் போயிராதா? நீ யாருகிட்டயும் சொல்லிராத, என்ன?"

அப்படியென்றால் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பீரோ மேல், ஓர் அரிசி டின்னுக்குள், ஒரு ஜோடிச் செருப்பு.

பெயர் கூப்பிட்டார்கள். ஜெபராணி பட்டுச் சேலையில் முன்னால் நின்றாள். தாமஸ் கைகளைக் கட்டிக்கொண்டு பக்கத்தில். சாரா லியோவை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் நின்றாள்.

"ஆண்டவர் எங்க குடும்பத்துக்குக் குறையில்லாத ஒரு பிள்ளையக் குடுத்தாரு" என்று ஜெபராணியின் குரல் ஸ்பீக்கரில் நிறைந்தது. "ஒரு காய்ச்சல் இல்ல, ஒரு நோய் இல்ல, ஒரு குறை இல்ல. இந்தப் பிள்ளை வளர்ந்து இதே மேடையில நின்னு பேசுவான்."

ஸ்தோத்திரம் என்றது கூட்டம். முதல் வரிசையில் காரமடையிலிருந்து வந்திருந்த ஒரு பெண், முப்பது வயதிருக்கும், லியோவின் தலையைத் தொடக் கையை நீட்டியபடியே காத்திருந்தாள். அந்தக் கையைச் சாராவுக்கு நன்றாகத் தெரியும். எட்டு வருஷம் அது அவளுடைய கையாக இருந்தது.

"அம்மாவும் ரெண்டு வார்த்தை சொல்லட்டும்" என்றார் பாஸ்டர்.

மைக் கையில் சூடாக இருந்தது. அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும். ஸ்பீக்கர் அதிர அவன் பெயர் ஒலிக்கும்; அவன் திரும்பமாட்டான்; எல்லோரும் பார்ப்பார்கள். நினைத்தாள். பிறகு வேண்டாம் என்று விட்டாள். மூன்று வருஷமாகக் காட்டியது போதும். இனி அவனைக் காட்டுவதற்கில்லை.

"நான் ஒரு பாவத்த அறிக்கை பண்ணோணுமுங்க" என்றாள்.

கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஜெபராணியின் முகத்தில் புன்னகை அப்படியே நின்றது.

"நான் அங்கன்வாடியில டீச்சருங்க. ஊருப் புள்ளைங்களுக்கெல்லாம் பேர் சொன்னாத் திரும்புதா, பேசுதான்னு பாத்து எழுதறது என்ற வேலை. என்ற பையன் பக்கத்துல எல்லாம் சரின்னு பொய் எழுதுனேன். இந்தக் கையாலதான் எழுதுனேன். அவன் பேர் சொன்னாத் திரும்பறதில்லைங்க. மூணு வயசாச்சு, அம்மான்னு சொன்னதில்லைங்க. ஏன்னு எனக்குத் தெரியாது. ஏன்னு கேக்க விடாம ஊட்டுல வெச்சிருந்தோம். வரம்னு சொல்லிச் சொல்லி, அவனுக்கு என்ன வலின்னு பாக்காமயே இருந்துபோட்டோம். நாளைக்குக் காலைல பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன். ஜெபம் பண்றவங்க பண்ணுங்க. உங்க ஊட்டுலயும் இப்புடிப் புள்ள இருந்தா என்கூட வாங்க. ஒளிச்சு வெக்காதீங்க."

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. ஒரு ஃபேன் மட்டும் கடகடவென்று ஓடியது. பாஸ்டரம்மா மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காரமடைப் பெண் நீட்டிய கையை மெல்ல இழுத்து, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

எதையும்விட அதுதான் சாராவைச் சுட்டது. இவ்வளவு நாள் தொட்டு முத்திய தலை. ஒரு நிமிஷத்தில் தீட்டாகிவிட்டது.

வீட்டில் அன்று யாரும் சாப்பிடவில்லை. "இப்புடிப் பண்ணிப்போட்டியே" என்று தாமஸ் ஒரு முறை சொன்னான்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குச் செருப்பைக் காணோம்.

சாரா தேடவில்லை. சீட்டையும் தண்ணீர் பாட்டிலையும் மாற்றுத்துணியையும் பையில் வைத்தாள். தாமஸ் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெளியே வராமல் இருந்தான். லியோவைத் தூக்கினாள். வாசலை மறித்து ஜெபராணி நின்றாள்.

"செருப்பில்லாம அவன் கத்துவான். ஊரே வேடிக்க பாக்கும்."

"கத்துவானுங்க" என்றாள் சாரா. "உங்களுக்கும் தெரியும். என்னையவிட உங்களுக்கு நல்லாத் தெரியும். அதுனாலதான ஒளிச்சு வெக்கறீங்க? குறையில்லாத புள்ள எதுக்குங்க அத்தை ஒரு செருப்புக்கு அப்புடிக் கத்துது?"

நிலையைப் பிடித்திருந்த ஜெபராணியின் கை நழுவியது. அந்த இடைவெளியில் சாரா அவளைத் தாண்டி இறங்கினாள்.

வெறுங்காலில் தெருக்காற்று பட்டதும் லியோ தொடங்கினான். வில்லாக வளைந்தான். தலையால் அவள் தாடையில் மோதினான். கத்தல் மூன்று மாடி ஏறி இறங்கியது. பால்காரர் வண்டியை நிறுத்தினார். எதிர்வீட்டுப் பால்கனியில் துணி உலர்த்தியவள் அப்படியே நின்றாள். நேற்று ஜெபக்கூடத்தில் இருந்த இரண்டு குடும்பங்கள் கதவைத் திறந்தன. வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் சாரா அவன் முகத்தைத் தோளில் அழுத்திக்கொள்வாள், சத்தம் வெளியே போகாமல். இன்று அழுத்தவில்லை. தெருவின் நடுவிலேயே நடந்தாள். கேட்கட்டும். மூன்று வருஷமாக வீட்டுக்குள் வைத்துப் பொத்திய சத்தம் இதுதான்; கேட்கட்டும்.

"என்னாச்சுங்க டீச்சர்?" என்று யாரோ கேட்டார்கள்.

"பையன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போறேனுங்க. பேச்சு வரல, டெஸ்ட் பண்ணோணும்" என்றாள், அவன் கத்தலுக்கு மேலாகக் கேட்கும்படி உரக்க.

தெருமுனைக்கு இன்னும் பத்து வீடு இருக்கும்போது, பின்னாலிருந்து அந்தச் சத்தம் கேட்டது.

பீப். பீப். பீப்.

திரும்பினாள். ஜெபராணி ஓடி வந்துகொண்டிருந்தாள். தலைமுடி அவிழ்ந்து, முந்தானை நழுவி, அறுபது வயது உடம்பு மூச்சிரைக்க. இரண்டு கைகளிலும் சிவப்புச் செருப்பு. ஓடுகிற வேகத்தில் விரல்கள் அதை இறுக்க, ஒவ்வோர் எட்டுக்கும் அது அவள் கைக்குள் கத்தியது. பால்காரர் பார்த்தார். பால்கனி பார்த்தது. திறந்திருந்த எல்லாக் கதவுகளும் பார்த்தன.

அவள் நடுத்தெருவில் மண்டியிட்டாள். லியோவின் பாதத்தைப் பிடித்து, இடதில் முதலில், பிறகு வலதில் செருப்பை மாட்டினாள். எந்தக் கால் முதலில் வேண்டும் அவனுக்கு என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருந்தது.

கத்தல் சட்டென்று நின்றது. சாரா அவனைக் கீழே விட்டாள். அவன் நுனிக்காலில் நின்றான். தெரு அந்த அமைதியைக் கேட்டது.

ஜெபராணி நிமிரவில்லை. சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தபடியே, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"சீக்கிரம் கூட்டிக்கிட்டுப் போ அம்மணி. எல்லாரும் பாக்கறாங்க."

சாரா கையை நீட்டினாள். லியோ அதைப் பிடிக்கவில்லை. ஆனால் அதன் பக்கத்திலேயே நடந்தான். பெரியாஸ்பத்திரி வழியாகப் போகும் உக்கடம் பஸ் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. பீப், பீப், பீப் என்று இருவரும் அதை நோக்கிப் போனார்கள்.